சோதியாத நம்பிக்கை

ஏரிகள் மலிந்த மின்னஸோட்டா, மிச்சிகன் முதலிய அமெரிக்க மாநிலங்களில், பனிக்காலம் முழுவதும் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த படகை, வெயில் தலைகாட்டியதும் டிரெய்லரோடு காரின் பின்னால் பூட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் புறப்பட்டுவிடும் மனிதனிடம், சக்கரங்களைப் பார்த்தாயா என்று விசாரித்தால், “போன வருஷம் நன்றாகத்தானே ஓடிற்று” என்பான். அவன் சொல்வது பொய்யன்று, மனப்பூர்வமாகவே நம்புகிறான். அந்த நம்பிக்கையே குற்றமாகக்கூடுமா என்பதுதான் கேள்வி.

ஆகும் என்றார் ஆங்கிலேயக் கணித மேதையான வில்லியம் கிங்டன் கிளிஃபோர்டு. 1877-இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் அவர் கற்பித்த கப்பல் முதலாளி, தன் கிழட்டுக் கப்பலைப் பற்றி எழுந்த சந்தேகத்தை, இத்தனை பிரயாணங்களைத் தாங்கியது இதையும் தாங்கும், நாடுவிட்டு நாடு போகும் ஏழைக் குடும்பங்களைத் தெய்வம் கைவிடாது என்றெல்லாம் சமாதானம் சொல்லி அடக்கிக்கொண்டு, கப்பலை அனுப்பிவைத்து, அது நடுக்கடலில் மூழ்கியபின் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு வாய் திறவாதிருக்கிறான். கப்பல் பத்திரமாய்க் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றம் அணுவளவும் குறைந்திராது என்பது கிளிஃபோர்டின் தீர்ப்பு. 1870-இல் சூரிய கிரகணம் காணப் போய்ச் சிசிலிக் கரையருகே கப்பல் உடைந்து உயிர் தப்பியவர் அவர். ஆகையால் இதை நாற்காலித் தத்துவம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

படகு டிரெய்லருக்கு மற்ற வண்டிகளுக்கில்லாத அபாயம் ஒன்றுண்டு. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கரக் குடம், கரைச்சரிவில் இறங்கிக் குளிர்ந்த நீரில் அமிழ்ந்தவுடனே, உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, தேய்ந்த சீலின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. நீர் கலந்த கிரீஸ் வெளுத்துத் தன் வழவழப்பை இழக்க, பேரிங்கின் உருளைகளில் துரு ஏறுகிறது. வெளியே மூடி மட்டும் பளபளவென்று இருக்கும். பிறகு ஏதோ ஒரு நாள் பேரிங் இறுகிச் சக்கரமே கழன்று, ஒரு பாவமும் அறியாமல் எதிரே வருபவன்மேல் பாயலாம். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும். சுழற்றினால் கரகரப்புக் கேட்கும். ஆண்டுக்கொரு முறை கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் அடைத்தால் பெரும்பாலும் தொல்லையில்லை. டயரின் வயதும், அது செய்யப்பட்ட வாரமும் வருஷமுமாக, நான்கு இலக்கங்களில் அதன் பக்கத்திலேயே பொறித்திருக்கிறது. டிரெய்லரைக் காரோடு பூட்டும் இணைப்பின் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டும் வழக்கம் எனக்கு விசேஷமாய்ப் பிடித்தது. இணைப்பு கழன்றால் வண்டியின் மூக்குத் தரையில் குத்தாமல் அவை தாங்கிக்கொள்ளும். கழலாது என்று நம்புகிறவனும் கழலக்கூடும் என்று ஒப்புக்கொண்டு செய்யும் காரியம் அது.

கிளிஃபோர்டுக்கு 1896-இல் மறுப்புச் சொன்ன அமெரிக்கத் தத்துவஞானி வில்லியம் ஜேம்ஸ், ஆதாரத்தால் தீர்க்க முடியாததும் ஒத்திப்போட இயலாததுமான விஷயங்களில், நம்பிக்கைக்கு இதயத்தின் சாட்சியே போதும் என்றார். ஈசுவரன் உண்டா என்பதில் நான் ஜேம்ஸின் கட்சி. ஆனால் சக்கரக் குடம் பரப்பிரம்மமன்று; சிறிது நேரத்தில் திறந்து பார்த்துவிடலாம். பிரத்தியட்சம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, போன வருஷத்து அனுமானத்தைப் பிடித்துக்கொண்டு தெய்வத்தின்மேல் பாரத்தைப் போடுகிறவனுக்குப் பக்தன் என்ற பெயரைக் கொடுப்பானேன்?

சமணர் இவ்விஷயத்தில் இன்னும் கறாரானவர்கள். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கையில் அஜாக்கிரதையையே அதன் மூலமாக வைக்கிறது. பிற்காலத்து அமிர்தசந்திரரோ, கவனமற்றவன் விஷயத்தில் உயிர் மாண்டாலும் மாளாவிட்டாலும் ஹிம்சை நிகழ்ந்ததே என்றும், யத்தனத்தோடு நடப்பவனால் ஓர் உயிர் போயினும் ஹிம்சையில்லை என்றும் விதித்துவிட்டார். கொல்லையிலேயே பாவம் முடிந்துவிட்டது; நெடுஞ்சாலையில் நடப்பது அதன் பலாபலன் மாத்திரமே.

அமிர்தசந்திரர் விதியின் முதற்பாதியை முழுமனத்தோடு ஏற்கிறேன், பிற்பாதியில்தான் தயங்குகிறேன். எல்லாம் சோதித்துப் புதுப் பேரிங்கே போட்டு ஓட்டியவனின் சக்கரம் கழன்று ஒரு குழந்தை மாண்டால், உன்மேல் குற்றமில்லை என்று அவனுக்கு நாம் ஆறுதல் சொல்லுவோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதைக் கேட்டவுடனே அவன் நிம்மதியாய் எழுந்து சாப்பிடப் போனால் நமக்கு அருவருப்பாயிராதா? குற்றமுமல்லாத, வேடிக்கை பார்த்தவனின் வருத்தமுமல்லாத அந்தத் துயரத்தை 1976-இல் ஆங்கிலேயத் தத்துவஞானி பெர்னார்டு வில்லியம்ஸ் தனியே எடுத்து விவாதித்தார். குற்றவாளி, நிரபராதி என்ற இரண்டே தீர்ப்புகள் உள்ள கிளிஃபோர்டின் நியாயஸ்தலத்தில் அதற்கு இடமில்லை.