கடைமடை: பள்ளியின் சிறப்புப் பற்றி ஒரு குரு சீட உரையாடல்

சீடர்: உயர்நிலைப் பள்ளிகளுள் சிறந்தது எது என்று கேட்டால், ஊரார் தேர்ச்சி விழுக்காட்டைத்தான் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நூறு விழுக்காடு காட்டும் பள்ளியைச் சிறந்தது என்று கொள்ளலாமா, ஐயா?

குரு: நூறு விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களின் கணக்கு. எழுதவிடப்படாதவர்கள் அதில் இல்லை. ஒன்பதாம் வகுப்பு முடிவில் டிசி கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளையும், தனித்தேர்வராக எழுதிக்கொள் என்று சொல்லப்பட்ட பிள்ளையும் அந்தப் பள்ளியின் தோல்விக் கணக்கில் ஏறுவதே இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை பிள்ளைகளை வெளியேற்றுவதைத் தடுக்கிறது. அந்த வேலி எட்டாம் வகுப்போடு முடிகிறது. கழித்துக்கட்டும் வேலை ஒன்பதில் தொடங்குகிறது. தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்தக் கற்பிப்பதும் வழி, கழிப்பதும் வழி. எந்த வழியில் உயர்ந்ததென்று பள்ளி வாசலில் கட்டிய பேனர் சொல்லாது.

ஏரிப் பாசனத்தைக் கொண்டு இதைத் தெளியலாம். மதகை ஒட்டிய தலைமடை வயல் யார் நிர்வாகத்திலும் விளையும். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துத்தான் வாய்க்காலின் பராமரிப்பையும் தண்ணீரைப் பங்கிடும் நீர்க்கட்டியின் நேர்மையையும் ஊர் எடைபோடும். பள்ளிக்கும் அளவுகோல் அதுவே. எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கையில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

சீடர்: கட்டடம், ஆய்வகம், விளையாட்டுத் திடல், ஆங்கில வழி ஆகியவற்றுக்கு மதிப்பில்லையா?

குரு: உண்டு. கழிப்பறையும் குடிநீரும் இல்லாத பள்ளியில் பெண்பிள்ளைகள் நிலைப்பது கடினம். ஆனால் இவை வாய்க்காலின் கரைகள். கரை கட்டிவிட்டதாலேயே தண்ணீர் ஓடிவிடாது. பயிற்றுமொழி வழக்கு தனி வழக்கு, இங்கே வேண்டாம்.

சீடர்: அப்படியானால் பெரிய ஐயம் ஒன்று எஞ்சுகிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் 1966இல் வெளிவந்த அறிக்கை, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து, மதிப்பெண் வேறுபாட்டில் பெரும்பங்கு குடும்பச் சூழலால் விளைகிறது, பள்ளியின் வசதிகளால் விளைவது சொற்பம் என்று கண்டது. படித்த தாய், வீட்டில் புத்தகம், படிக்க ஒரு மூலை இருக்கும் பிள்ளை எங்கும் தேறும். இல்லாத பிள்ளை எங்கும் திணறும். வீடே எல்லாம் செய்கிறதென்றால் சிறந்த பள்ளி என்ற பேச்சே வீண் அல்லவா?

குரு: இந்த ஐயத்தை எளிதாகத் தள்ள முடியாது. நல்ல பள்ளி என்று பெயர் வாங்கிய பலவும் நல்ல வீட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்த்த பள்ளிகளே. நுழைவுத்தேர்வு வைத்து, பெற்றோரின் படிப்பை விசாரித்துச் சேர்த்துக்கொண்ட பிறகு வரும் மதிப்பெண்ணில் பள்ளியின் உழைப்பு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தலைமடையில் மட்டும் நிலம் வாங்கியவர் தம் விளைச்சலைப் பேசுவது போன்றது அது.

ஆயினும் கோல்மன் அறிக்கையை முழுதும் படித்தால், அது சொல்வதாக ஊரில் உலவும் செய்தி குறுகிவிடும். முதலாவதாக, அது அளந்தவற்றுள் பெரும்பகுதி நூலகத்தில் எத்தனை நூல், ஆய்வகம் உண்டா, ஆசிரியரின் பட்டம் என்ன என்பன போன்றவை. வகுப்புக்குள் நாள்தோறும் நடப்பது அதன் கணக்கில் அநேகமாக வரவில்லை. இரண்டாவதாக, பள்ளியின் தரத்தால் வெள்ளையினப் பிள்ளைகளைவிடச் சிறுபான்மை இனத்துப் பிள்ளைகளே மிகுதியும் பாதிக்கப்படுகிறார்கள் என்று அதே அறிக்கை கூறியது. வீடு கொடுக்காத பிள்ளைக்குப் பள்ளியே கொடுத்தாக வேண்டும். வீட்டின் செல்வாக்கைக் காட்டிப் பள்ளியை விடுவிக்க எழுந்த வாதம், கடைமடைப் பிள்ளையின் விஷயத்தில் பள்ளியின் பொறுப்பைக் கூட்டிவிடுகிறது.

வகுப்புக்குள் நடப்பதை அளந்தவர்கள் லண்டனில் இருந்தார்கள். மைக்கேல் ரட்டரும் உடன்பணியாளர்களும் அந்நகரின் உட்பகுதியிலிருந்த 12 உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1979இல் நூல் வெளியிட்டனர். ஒரு பிள்ளை ஐந்து வயதுமுதல் பள்ளியை விட்டு நீங்கும்வரை வகுப்பில் கழிக்கும் ஏறத்தாழ 15,000 மணிநேரமே அந்நூலின் பெயர். அப்பிள்ளைகளின் வாசிப்புத் திறனும் நடத்தையும் பத்து வயதிலேயே அளக்கப்பட்டிருந்தன. அதனால் உள்ளே வந்த நிலையைக் கழித்துவிட்டு வெளியே போன நிலையைப் பார்க்க முடிந்தது. ஒரே தரத்துப் பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிகளில் வெவ்வேறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தனர். வருகை, ஒழுக்கம், தேர்வு ஆகியவற்றில் சில பள்ளிகள் தெளிவாக முன்னின்றன. அவற்றின் கட்டடம் பழையதா புதியதா என்பது காரணமாக இல்லை. பாடவேளை நேரத்தில் தொடங்கியது. வீட்டுப்பாடம் கொடுத்ததோடு நில்லாமல் திருத்தப்பட்டது. ஆசிரியர்கள் கூடித் திட்டமிட்டனர். பாராட்டு தாராளமாகக் கிடைத்தது. மாணவர்களிடம் பொறுப்புகள் ஒப்படைக்கப்பட்டன. அடி மிகுந்த பள்ளிகளில் ஒழுக்கம் சீர்கெட்டிருந்ததே தவிர மேம்படவில்லை. பிரம்பை எடுத்தால்தான் பிள்ளை படிக்கும் என்று இன்னும் சொல்லும் பெற்றோருக்கு இதைக் காட்டலாம்.

அதே ஆய்வு வேறொன்றையும் கண்டது: நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் ஓரளவேனும் கலந்திருந்த பள்ளிகள் மேலான விளைவைத் தந்தன. அவர்களை எல்லாம் ஒரே பள்ளி அள்ளிக்கொண்டால் மற்றப் பள்ளிகள் வறளும். பள்ளிக்குள்ளும் இதே விதி செல்லும். மதிப்பெண் வாரியாக ‘ஏ’ பிரிவு, ‘டி’ பிரிவு என்று பிரித்து, ‘டி’ பிரிவை ஆள் கிடைக்காத பாடவேளைகளோடு விட்டுவைத்தால், ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைகளை மெல்லக் கற்போர் என்று சொல்வதற்குப் பொருளில்லை.

ஆகவே தலைமை ஆசிரியரின் திறமை மேடைப்பேச்சில் வெளிப்படுவதைவிடக் கால அட்டவணையில் நன்றாக வெளிப்படும். நீர்க்கட்டியின் வேலை அங்கேதான் நடக்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் தேர்ந்த கணித ஆசிரியர் பத்தாம் வகுப்புக்குப் போவார். ஆறாம் வகுப்புக்கு மிஞ்சியவர் வருவார். பின்னம் விளங்காமல் ஆறைக் கடந்த பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் மாலைச் சிறப்பு வகுப்பு எத்தனை வைத்தாலும் இயற்கணிதம் ஏறாது. சிறந்த பள்ளி ஆறாம் வகுப்பு தொடங்கியதும் ஒவ்வொரு பிள்ளையையும் உரக்க வாசிக்கச் சொல்லிப் பார்க்கும். குறையுள்ளவர்களைத் தன் தேர்ந்த ஆசிரியரிடம் ஒப்படைக்கும். தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆள் போகும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் வராமல் நின்றால், திருமணப் பேச்சா, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலையா என்று அந்த வாரத்திலேயே தெரிந்துகொள்ளும்.

பள்ளியின் சிறப்பை அரசு அளக்க முயன்றதும் உண்டு. இங்கிலாந்து 1992 முதல் பள்ளிவாரித் தேர்வு முடிவுகளை வெளியிட்டது. வசதியான பகுதிப் பள்ளிகளே மேலே நின்றதால், தொடக்கப் பள்ளி முடிவில் ஒரே நிலையிலிருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டு முன்னேற்றத்தைக் கணக்கிடும் முறை பின்னர் நடைமுறைக்கு வந்தது. அளவுகோல் திருந்தியது; பட்டியலில் மேலே நிற்கும் ஆசை திருந்தவில்லை. மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடிய பிள்ளையைப் பதிவேட்டிலிருந்து நழுவவிடும் பழக்கம் அங்கும் புகாராயிற்று.

தமிழ்நாடு 2017இல் மாநில முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்தியது நல்ல முடிவு. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்திய பள்ளிகள் இருந்ததால், 2017–18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. பேனர்களோ நிற்கவில்லை; முதலிடம் போன இடத்தில் ‘சென்டம்’ எண்ணிக்கை ஏறிக்கொண்டது.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் பள்ளி அலுவலகத்தில் இரண்டு எண்களைக் கேட்க வேண்டும். ஐந்தாண்டுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர்? அவர்களுள் இந்த ஆண்டு இதே பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர் எத்தனை பேர்? இரண்டும் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளவை. சொல்லத் தயங்கும் பள்ளியில் சேர்க்கும் முன் பக்கத்து அரசுப் பள்ளியிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.