நோயோடு பிறக்க வைப்பது

1996-இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் விலங்குக்கூடத்தில், பல தலைமுறைகளாக வளர்த்துவந்த விஸ்டார் எலிகளுக்கு நடுவே சில எலிகள் அளவுக்கு மீறித் தின்று பருத்தன. எவரும் மரபணுவில் கைவைக்கவில்லை. தானாக நேர்ந்த பிறழ்வு அது. பருத்த எலிகள் குட்டி போடா. பிறழ்வைச் சுமக்கும் எலிகளை இணைசேர்த்தே அந்த வம்சத்தைக் காக்கிறார்கள். பிறப்பவற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான் பருக்கும்.

வழக்கமான சோதனையில் நலமான விலங்குக்கு என்ன செய்கிறோம் என்று கேட்கிறோம். இங்கே ஊசி போடாவிட்டாலும் துன்பம் உண்டு. அது பிறக்கும்போதே உடலில் இருக்கிறது.

ஆனால் பலனும் சிறியதல்ல. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-இல் பருத்த சுண்டெலி ஒன்று தென்பட்டது. அங்கேயே பின்னாளில் டக்ளஸ் கோல்மன், நீரிழிவும் பருமனும் உள்ள வேறொரு வகைச் சுண்டெலியையும் சாதாரணச் சுண்டெலியையும் அறுவை செய்து இணைத்தார். இரண்டின் ரத்தமும் கலந்தது. சாதாரணச் சுண்டெலி உண்ண மறுத்துப் பட்டினியால் செத்தது. கொடிய சோதனைதான். ஆயினும் பசியடக்கும் பொருளொன்று ரத்தத்தில் ஓடுகிறது என்று அதிலிருந்தே ஊகிக்க முடிந்தது. 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அதற்கான மரபணுவைக் கண்டது. அந்தப் பொருளே லெப்டின். 1997-இல் பிரிட்டனில், லெப்டின் சுரக்காத இரண்டு குழந்தைகள் அடையாளம் காணப்பட்டார்கள். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. லெப்டின் ஊசி போட்டதும் இத்தகைய குழந்தைகளின் அடங்காப் பசி அடங்கியது. அந்தக் குழந்தைகளின் முன்னால் நின்றுகொண்டு, சுண்டெலி ஆய்வே கூடாது என்று சொல்ல மனம் வராது.

நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு பெருப்பது வேறு கதை. அதற்குப் பல மரபணுக்களும் உணவும் உழைப்பின்மையும் சேர்ந்தே காரணம். பருமனான பெரும்பாலோர் உடலில் லெப்டின் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருக்கிறது. அவர்களுக்கு லெப்டின் ஊசியால் பெரும் பயன் கிட்டவில்லை. அப்படியிருக்க, எடை குறைக்கும் ஒவ்வொரு மூலிகைச் சாற்றையும் பருத்த எலிக்கு ஊட்டிப் பார்ப்பதற்கு அறநியாயம் இல்லை.

தவிர்க்கக்கூடிய சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். ஆய்வுக்கூட நன்னெறிக் குழுக்கள், சோதனைக்கு வேண்டிய எலிகளை மட்டும் எண்ணினால் போதாது. அந்த ஒரு பருத்த எலிக்காகப் பிறக்கவைத்த மற்ற மூன்றும் என்ன ஆகின்றன என்பதையும் கணக்கில் எழுதச் சொல்ல வேண்டும்.