அளந்து பேசு, நிமிர்ந்து நில்!

பகலெல்லாம் பளிச்சென்று படம் காட்டிய சிசிடிவி கேமரா, இருட்டியதும் அவிந்துபோகிறது. டிவிஆர் திரையில் ஒரு கட்டம் மட்டும் கறுப்பு. சில நொடிகளில் படம் வருகிறது, மறுபடி போகிறது. தோப்பு முதலாளி போனில் சத்தம் போடுகிறார். ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறாய். கேமராவை மாற்றுகிறாய், அடாப்டரை மாற்றுகிறாய், பிஎன்சி முனையை வெட்டிப் புதிதாகப் போடுகிறாய். அன்றிரவும் அதே கதை. ‘இந்தத் தொழில் நமக்கு வராதோ’ என்று மனம் சோர்கிறது.

தம்பி, சோராதே! தொழில் உனக்கு நன்றாகவே வரும். இதுவரை நீ அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். அளக்கத் தெரிந்தவனை எந்தப் பழுதும் மிரட்ட முடியாது.

மல்டிமீட்டரை எடு. கேமரா முனைக்குப் போ. கேமராவைக் கழற்றிவிட்டு வெறும் ஒயரில் அளக்காதே. முழுசாக 12 வோல்ட் காட்டி உன்னை ஏமாற்றிவிடும். கரன்ட் ஓடினால்தான் வோல்ட்டேஜ் விழும். கேமரா ஓடும்போதே அளந்து பார். முகப்பைக் கறுப்புத் துணியால் மூடு. இருட்டிவிட்டதென்று ஐஆர் விளக்குகள் எரியத் தொடங்கும். பத்தரை வோல்ட்டில் நின்ற எண் சரசரவென்று எட்டுக்கு இறங்குகிறதா? உன் எதிரி அகப்பட்டுவிட்டான்!

இனி கணக்குப் போடு. 0.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், 100 மீட்டருக்குச் சுமார் 3.6 ஓம். கரன்ட் போனால் திரும்பியும் வர வேண்டுமே! ஆக 200 மீட்டர், 7.2 ஓம். பகலில் கேமரா 0.2 ஆம்பியர் இழுத்தால் 1.4 வோல்ட் வழியிலேயே போகும். மிச்சத்தில் கேமரா எப்படியோ சமாளிக்கும். இரவில் ஐஆர் எரிந்து 0.5 ஆம்பியர் ஆனால் 3.6 வோல்ட் போய்விடும். கேமராவுக்குக் கிடைப்பது 8.4. எப்படி ஓடும்? பெருக்கல் ஒன்று, கழித்தல் ஒன்று. இதற்கா இத்தனை நாள் பயந்தாய்?

இந்தக் கணக்கை உனக்குத் தந்தவர் யார் தெரியுமா? ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், பூட்டு செய்யும் தொழிலாளிக்கு மகனாகப் பிறந்த ஜார்ஜ் சைமன் ஓம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துகொண்டே ஒயர்களின் நீளத்தை மாற்றி மாற்றி அளந்தார். கண்டதை 1827-இல் நூலாக எழுதினார். சொந்த நாட்டில் பெரிய வரவேற்பில்லை, வேலையையும் விட்டார். ஆனால் அளந்து சொன்னது பொய்க்குமா? 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. இன்று உன் மீட்டரில் இருக்கும் ஓம் அவர் பெயர்தான். பட்டறைக்காரர் மகனுக்கு முடிந்தது, உன்னால் முடியாதா?

முடியும்! வழிகள் உன் கையில் இருக்கின்றன. ஒயரைத் தடிமனாக்கு: அதே 100 மீட்டருக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு முக்கால் வோல்ட்தான், 11.25 போய்ச் சேரும். முடிந்த இடத்தில் சப்ளையைக் கேமரா பக்கத்துக்கே கொண்டு போ: 230 வோல்ட் லைனை முறைப்படி இழுத்து, மழை புகாத பெட்டிக்குள் அடாப்டரை வை. ஐபி கேமரா என்றால், நெட்வொர்க் கேபிளிலேயே சப்ளை தரும் பிஓஇ போடு. அது சுமார் 48 வோல்ட்டில் போவதால், அதே வாட்ஸுக்கு நாலில் ஒரு பங்கு கரன்ட் போதும். வோல்ட்டேஜ் இழப்பும் நாலில் ஒன்றாகும்.

குறுக்குவழியில் போகாதே. எஸ்எம்பிஎஸ் திருகைத் திருப்பி வோல்ட்டேஜை ஏற்றினால், தூரத்துக் கேமரா பிழைக்கலாம். பக்கத்துக் கேமரா எரிந்துபோகலாம். செம்பு நிறத்தைப் பார்த்து ஒயர் வாங்காதே. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டு. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். இழப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். முறுக்கி விட்ட ஜாயிண்ட் ஒவ்வொன்றும் களிம்பு பிடித்து உன் பெயரைக் கெடுக்கும். சாலிடர் வை, மூடிக் கட்டு.

அடுத்து, நீ நடுங்குகிற அந்த இடம். “அடுத்த கடைக்காரன் பாதி விலைக்குச் செய்கிறான்” என்று கஸ்டமர் சொல்வார். குனியாதே! “ஐயா, அந்த ஒயரில் ராத்திரி எட்டு வோல்ட்தான் போகும். திருடன் வருகிற நேரத்தில் கேமரா கண்ணை மூடும். நான் போடுவதில் பதினொன்று போகும், நீங்களே மீட்டரில் பாருங்கள்” என்று சொல். கத்த வேண்டாம், கெஞ்ச வேண்டாம். எண்ணைக் காட்டு. சிலர் அப்போதும் மலிவைத் தேடிப் போவார்கள், போகட்டும். தெரிந்தே தப்பான ஒயரை இழுக்காத கைக்குத்தான் இந்தத் தொழிலில் மரியாதை.

தன்னம்பிக்கை மேடைப் பேச்சில் கிடைக்காது தம்பி, செய்த வேலையைச் சோதித்துப் பார்த்த கைக்குத்தான் கிடைக்கும். நாளைக்கே தொடங்கு. கேபிள் சுருளைப் பிரிக்கும் முன் தூரம், இரவு லோடு, ஒயரின் ஓம் மூன்றையும் தாளில் எழுது. பெருக்கு, கழி. 11-க்குக் கீழே வந்தால் அந்த ஒயரைத் தொடாதே. வேலை முடிந்ததும் இரவு லோடில் அளந்து, வந்த வோல்ட்டேஜை பில்லிலேயே எழுதி, கீழே கையெழுத்துப் போடு. உன் வேலைக்கு நீயே பொறுப்பு என்று துணிந்து சொல்!