எரிக்கத் தகுந்த மிச்சம்

வீட்டில் மிஞ்சுவதில் எதை நெருப்புக்குக் கொடுக்கலாம் என்ற கேள்வி அற்பமாகத் தெரியலாம். அம்பாறைக் கரையோரத்தில் அது அற்பமல்ல என்பதை 2022 காட்டிவிட்டது. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 2,675 ரூபாயிலிருந்து 4,860 ரூபாய்க்கு ஏறியது. அந்த விலை கொடுக்கவும் சனம் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. கைவிட்ட விறகடுப்பு பல குசினிகளுக்குத் திரும்பி வந்தது. ஆனால் விறகு தானாகப் பற்றாது. மண்ணெண்ணெய் ஊற்ற வசதியில்லாத இடத்தில் சொப்பிங் பேக் கைக்கு வந்துவிடுகிறது. சுருட்டிச் செருகி நெருப்புக்குச்சியைக் காட்டினால் உடனே பிடிக்கும். கேஸ் தாராளமாகக் கிடைக்கும் காலத்திலும் இந்தப் பழக்கம் சுலபத்தில் போவதில்லை. கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் பெரிய சட்டி ஏற்றும் இடத்திலும், பொத்துவில் கடற்கரையில் இளைஞர்கள் மூட்டும் நெருப்பிலும் இதே குறுக்குவழிதான். நான் மறுப்பது இதைத்தான்.

இதற்கு மாற்று நம் வளவிலேயே கிடக்கிறது. பொச்சுமட்டையைத் தட்டித் தும்பைப் பிரித்து, நன்றாக உதற வேண்டும். இடையில் இருக்கும் தூள் ஈரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும். எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை ஒரு தகரப்பேணியில் போட்டு, அந்தப் பேணியை வெந்நீருக்குள் வைத்து உருக்க வேண்டும். நேரே நெருப்பில் வைத்தால் மெழுகே பற்றிக்கொள்ளும். காகித முட்டைத் தட்டின் குழிகளில் தும்பை அமுக்கி, மெழுகை ஊற்றி ஆறவிட்டால் குழிக்கு ஒன்றாகப் பிய்த்தெடுக்கலாம். இதில் தும்பு திரி, மெழுகு எரிபொருள். மெழுகு உருகி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. அதனால் சுவாலை சில நிமிடங்கள் விறகின் அடியிலேயே நிற்கும். விறகின் மேல் ஊற்றிய மண்ணெண்ணெய் குபீரென்று எழும்பி, கட்டை சூடேறுமுன் பெரும்பாலும் அடங்கிவிடும். விறகு அதிகமாகப் புகைவது சரியாகச் சூடேறாத அந்த ஆரம்ப நேரத்தில்தான். வீட்டுக்குள் சூழும் புகையால் 2020இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நன்றாகப் பற்றவைப்பது அந்தப் புகையை ஒழிக்காது. கண்ணெரியும் நேரத்தைக் குறைக்கும். கேஸ் வாங்க முடிந்த வீட்டுக்கு விறகடுப்பை நான் சிபாரிசு செய்யவில்லை.

ஆனால் மிச்சம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் அள்ள முடியாது. மருதமுனைத் தறிகளில் கழியும் நூலை எடுத்துக்கொள்வோம். பருத்தி நூலின் நுனியைப் பற்றவைத்தால் காகிதம் எரியும் மணம் வரும், விரல் பட்டதும் உதிரும் சாம்பல் மிஞ்சும். பொலியெஸ்டர் நூலோ சுவாலைக்கு முன்னமே சுருங்கி, உருகி, கறுத்த மணியாக இறுகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே கழிவு. ஒன்று தும்போடு சேரலாம், மற்றது சேரக்கூடாது. வீண்விரயம் கூடாது என்று நம் ஊர்களில் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். அதை எல்லாவற்றையும் எப்படியாவது பயன்படுத்திவிட வேண்டும் என்று விளங்கிக்கொள்வது தவறு. சொப்பிங் பேக்கை எரிப்பவர் ஒன்றையும் மிச்சம் பிடிக்கவில்லை. குப்பையை அடுப்படியில் இருப்பவரின் நெஞ்சுக்குள் தள்ளுகிறார். குளோரின் உள்ள பிளாஸ்டிக் அதில் கலந்திருந்தால் டயொக்சினும் உண்டாகும். பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதை 2017 செப்டெம்பரிலேயே அரசு தடைசெய்தது. குசினிக்குள் எரிப்பது அதைவிட மோசம்.

நாலு முட்டைத் தட்டால் ஊர்க்குப்பை குறைந்துவிடுமா என்று கேட்பார்கள். குறையாது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. அங்கே குவிவதற்கு எந்த அடுப்பும் காணாது. ஆனால் யானை பிளாஸ்டிக்கைத் தேடி வருவதில்லை. பைக்குள் கட்டிப்போட்ட சோற்றையும் மரக்கறியையும் தேடி வருகிறது. கலந்து போடுவதுதான் கொல்கிறது. எரிவது எது, உக்குவது எது, இரண்டிலும் சேராதது எது என்று பார்த்துப் பிரிக்கும் கைக்கு, சோற்றைப் பைக்குள் முடிந்து வீசுவது கூசும். நான் இதில் எதிர்பார்க்கும் பெரிய பலன் அதுதான்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடப் பாரமானது. சிக்கனம் என்ற பேரில் வரும் வேலையெல்லாம் பெண்கள் தலையில் விழுகிறது. இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை, நிபந்தனைதான் உண்டு: பொச்சுத் தட்டுவதும் மெழுகு உருக்குவதும் வீட்டு ஆண்களின் வேலையாக இருக்கட்டும். மாதத்தில் ஒரு வெள்ளி பின்னேரம் போதும். எரிக்கவும் உக்கவும் ஆகாத அந்த மூன்றாவது குவியலுக்கு எந்த வீட்டாலும் தனியே வழி காண முடியாது. அதைப் பிரித்து எடுத்துச் செல்ல மாநகரசபையும் பிரதேச சபைகளும் வர வேண்டும். கேட்காமலே பையில் போட்டுக் கொடுப்பதைக் கடைக்காரர் நிறுத்த வேண்டும்.