பிறர் முகமும் பிள்ளைகளின் படநூலும்

தம்மைப் போலல்லாதாரையும் தமக்கு நிகராக மதித்தல் ஒழுக்கவியலின் முதற்பாடம் எனலாம். அப்பாடத்தைப் படநூல்கள் வாயிலாகச் சிறுவர்க்குப் புகட்டலாம் என்னும் நம்பிக்கை கல்வியுலகிற் பரவலாக உண்டு. பிற பண்பாட்டினரின் உடையையும் உணவையும் விழாவையும் வண்ணப்படங்களிற் காணும் பிள்ளை அவர்களை அறியும். அறிந்தபின் மதிக்கும் என்பதே அந்நம்பிக்கையின் அடிப்படை. ஆயின், காட்டப்படுவதெல்லாம் அறியப்படுவதாகுமா?

இவ்வினா கூர்மையாக எழுந்த நாடு ஐக்கிய அமெரிக்கா. 1962 முதல் 1964 வரை அங்கு வெளிவந்த 5,000க்கு மேற்பட்ட சிறுவர் நூல்களை ஆராய்ந்த நான்சி லாறிக், அவற்றுள் 6.7 சதவீதமானவற்றிலேயே கறுப்பினத்தவர் இடம்பெற்றனர் என 1965இல் எடுத்துக்காட்டினார். இக்குறை கறுப்பினப் பிள்ளையை மட்டும் பாதிப்பதன்று; உலகமே தன் சாயலில் அமைந்தது எனக் கற்கும் வெள்ளையினப் பிள்ளைக்கும் அது பெருந்தீங்கு என்பது அவர் வாதம்.

எனினும், இடம்பெறுதல் மட்டும் பரிகாரமாகிவிடாது. 1938இல் வெளிவந்த ‘ஐந்து சீனச் சகோதரர்கள்’ என்னும் நூல் சீனரைப் பற்றியதே. உருவத்தில் ஒத்த சகோதரர் ஐவர் ஒருவருக்காக ஒருவர் நின்று உயிர்தப்புவது அதன் கதை. அக்கதைக்கு உருவ ஒற்றுமை இன்றியமையாதது. ஆனால், சகோதரர் மட்டுமன்றி ஊரார் அனைவருமே ஒரே முகத்தினராகத் தீட்டப்பட்டனர் என்னும் கண்டனம் பின்னர் எழுந்தது. அதனைப் பார்த்த பிள்ளை சீனரைக் கண்டது உண்மை; சீனர் ஒருவரையேனும் கண்டதா என்பது ஐயமே.

எஸ்ரா ஜாக் கீற்ஸ் 1962இல் வெளியிட்ட ‘த ஸ்னோயி டே’ வேறொரு வழியைக் காட்டிற்று. அதன் நாயகன் பீற்றர் கறுப்பினச் சிறுவன். அவனது நிறம் பற்றி நூலில் ஒரு சொல்லேனும் இல்லை. அவன் பனியில் விளையாடுகின்றான். பனியுருண்டை ஒன்றைச் சட்டைப்பையில் இட்டு வீட்டுக்குக் கொண்டுவருகின்றான். அது உருகிப்போகவே துயருறுகின்றான். கீற்ஸ் போலந்திலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மைந்தர். கறுப்பினத்தவர் அல்லாத ஒருவர் அவர்தம் வாழ்வை எழுதலாமா, நிறத்தைக் காட்டிப் பண்பாட்டைச் சொல்லாது விடுதல் முறையா என்னும் வினாக்கள் எழுந்தன. அவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. வேற்றுமையை மறைத்துக் காட்டும் அன்பு அரைகுறை அன்பே. ஆயினும், வெறுமையான சட்டைப்பையின் துயரை உணரும் பிள்ளைக்குப் பீற்றர் காட்சிப்பொருளாகான், தோழனாவான். வேற்றுமை கண்ணுக்குத் தெரிய, உறவு நெஞ்சில் தொடங்குகின்றது.

தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் பெரும்பாலும் வெவ்வேறு மொழிமூல வகுப்புகளிற் பயிலும் இலங்கையில் இவ்வினாவுக்குத் தனி அழுத்தம் உண்டு. அயலவர் பாடநூலின் பண்டிகைப் படமாக மட்டுமே பிள்ளைக்கு அறிமுகமாகும் அபாயம் இங்கு மிகுதி. சிபில் வெத்தசிங்க 1956இல் படைத்த ‘குட ஹொரா’ குடையே கண்டறியாத சிங்களக் கிராமம் ஒன்றின் கதை. வாங்கிவரும் குடைகள் மீண்டும் மீண்டும் களவுபோகின்றன. கள்வன் ஒரு குரங்கு எனத் தெரியவருகின்றது. அதைக் கேட்டுச் சிரிக்கும் தமிழ்ப் பிள்ளை சிங்களப் பண்பாடு பற்றிய பாடம் எதனையும் கற்கவில்லை. சிங்களவர் ஒருவரோடு சேர்ந்து சிரித்திருக்கின்றது.

படநூலின் பயனும் எல்லையும் இதுவே. அயலவரை முற்ற அறிந்துவிட்டேன் என்னும் நிறைவைத் தரும் நூல், எத்துணை அழகியதாயினும், அறியாமைக்கு வண்ணம் தீட்டுவதாகவே முடியும். நூலை மூடிய பிள்ளை அயல்வீட்டுப் பிள்ளையைத் தேடிச் செல்ல விழையுமாயின், அந்நூல் தன் கடனைச் செய்ததாகும். அப்பிள்ளை செல்வதற்கு வழி திறந்திருத்தல் நூலாசிரியரின் கடனன்று, சமூகத்தின் கடன்.