யாருடைய வீடு?

ஒரு பழைய வீட்டை இடிக்காமல் காப்பாற்றும்போது நாம் எதைக் காப்பாற்றுகிறோம்? மரத்தையா, அதில் வாழ்ந்த மனிதரையா, அல்லது நம்முடைய ஆசையையா?

நியூஸிலாந்தின் தலைநகரான வெல்லிங்டனில், தினாகோரி சாலையில், ஒரு மர வீடு இருக்கிறது. ஹெரால்டு பீச்சம் என்ற வணிகர் 1888-இல் கட்டியது. விக்டோரியா மகாராணி காலத்து வீடு என்றதும் கோபுரமும் சித்திர வேலைப்பாடும் நினைவுக்கு வரலாம். இது அப்படியொன்றும் இல்லை. அடக்கமான மாடி வீடு. மேல் பலகையின் விளிம்பு கீழ்ப் பலகையின்மேல் படியும்படி வரிசையாக ஆணியடித்த வெளிச்சுவர். மழைநீர் உள்ளே புகாமல் வழிந்துவிடும். 'வெதர்போர்டு' என்று இதற்குப் பெயர். 1848-இல் வந்த பூகம்பத்தில் அந்த ஊரின் செங்கல் கட்டடங்கள் பல சேதமாயின. 1855-இல் அதைவிடப் பெரியது ஒன்று வந்தது. வளைந்து கொடுக்கும் மரத்தை ஜனங்கள் நம்பியதில் வியப்பென்ன?

1888 அக்டோபர் 14-இல் அந்த வீட்டில் பிறந்த பெண்தான், பின்னாளில் காதரின் மான்ஸ்பீல்டு என்ற பெயரில் புகழ்பெற்ற சிறுகதை ஆசிரியை. 1893-இல் குடும்பம் வேறிடம் போய்விட்டது. 1908-இல் லண்டனுக்குக் கப்பலேறியவர் தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. 1923-இல், 34 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று.

அவரிடம் அன்பு கொண்டவர்கள் ஒரு சங்கம் அமைத்து, 1987-இல் அந்த வீட்டை வாங்கினார்கள். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1988-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பிற்காலத்து மாறுதல்களை நீக்கினார்கள். சுவரில் ஒட்டியிருந்த பழைய காகிதத்தின் துணுக்குகளைத் தேடியெடுத்து, அதே சித்திரத்தில் புதிதாகச் செய்து ஒட்டினார்கள்.

கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு இதைப் படித்தபோது மனம் குளிர்ந்தது. எழுத்தாளருக்கு ஓர் ஊர் செய்த மரியாதை அல்லவா! ஆனால், சற்றுப் பொறுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பீச்சம் குடும்பம் அங்கே இருந்தது ஐந்து வருஷம். மற்றவர்கள் இருந்தது ஏறக்குறைய தொண்ணூற்று நான்கு வருஷம். இடையில் அந்த வீட்டைத் தனித்தனிக் குடித்தனங்களாகவும் பிரித்திருந்தார்கள். அங்கே சமைத்தவர்கள், சண்டையிட்டவர்கள், பிள்ளை பெற்றவர்கள் எத்தனை பேரோ! ஐந்து வருஷத்தை மீட்பதற்காக அவர்களுடைய தடயங்களைச் சுரண்டி எறிந்தது நியாயமா?

இதற்கு விடையை அந்த அம்மையாரிடமே தேடினேன். 1922-இல் வெளிவந்த 'பொம்மை வீடு' என்ற கதையில், பணக்காரச் சிறுமிகளுக்கு ஒரு பொம்மை வீடு வருகிறது. பள்ளிக்கூடத்துப் பெண்களெல்லாம் வந்து பார்க்கலாம். சலவைக்காரியின் பெண்கள் இருவர் மட்டும் வரக்கூடாது. ஒரு சிறுமி கட்டளையை மீறி அவர்களை அழைத்து வந்து காட்டுகிறாள். விரட்டப்பட்ட பிறகும், அந்த வீட்டிலிருந்த குட்டி விளக்கைப் பார்த்துவிட்ட நிறைவு இளையவளுக்கு இருக்கிறது.

வீட்டின் மதிப்பு சொந்தக்காரர் பெயரில் இல்லை. வாசலில் நிற்பவர் கண்ணில் இருக்கிறது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

ஆகவே, அந்த வீட்டைக் காப்பாற்றியது சரிதான் என்பேன். உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை அடித்தாலும் குற்றமில்லை. ஆனால், ஓர் அறையையாவது, ஒரு சுவரையாவது, பெயர் தெரியாத அந்தக் குடித்தனக்காரர்கள் விட்டுப்போனபடியே விட்டுவைக்கலாம். மேதை பிறந்த வீடு என்று பார்க்க வருகிறவன், சாதாரண மனிதர்கள் வாழ்ந்த வீடு என்றும் தெரிந்துகொண்டு திரும்பட்டும். மான்ஸ்பீல்டு உயிரோடிருந்தால் முதலில் அந்தச் சுவரைத்தான் போய்ப் பார்த்திருப்பார்.