சைக்கிளை விட்டு இறங்காதவனுக்கு எத்தனை மார்க்?



1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கணும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். தலைவர் ஆர்.எச்.நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். போராட்டம் சிலாங்கூரின் மற்ற தோட்டங்களுக்கும் பரவியது. இராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இதை வைத்து வகுப்பில் என்ன கேட்கலாம்? “எந்த ஆண்டு நடந்தது?” என்று கேட்டால் திருத்துவது சுலபம். “சம்பளம் கேட்டவர்கள் சைக்கிளைப் பற்றி ஏன் கேட்டார்கள்?” என்று கேட்டால், ஒவ்வொரு பதிலையும் ஆசிரியர் உட்கார்ந்து படிக்கணும்.

நம் வரலாற்றுக் கலைத்திட்டம் விரும்புவது இரண்டாவது கேள்வியைத்தான். காலவரிசையை அறிதல், சான்றைத் தேடுதல், விளக்கம் காணுதல், கற்பனை செய்தல், காரணம் சொல்லுதல் ஆகிய ஐந்தும் அதில் சொல்லப்பட்ட திறன்கள். 2014இல் ஆரம்பப் பள்ளி ஆண்டு 4க்கு வரலாறு வந்தது. யு.பி.எஸ்.ஆரில் அதற்குத் தாளே கிடையாது. பிறகு 2021இல் யு.பி.எஸ்.ஆரும், 2022இல் பி.டி.3யும் போய்விட்டன. ஆகவே எஸ்.பி.எம். வரை பிள்ளையின் வரலாற்று அறிவை எடைபோடுவதில் வகுப்பறை மதிப்பீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

பொறியியல் படிப்பில் ஒன்று சொல்லித் தருவார்கள்: எதை அளக்கணுமோ அதற்கேற்ற கருவியை எடு. வெப்பமானியை வைத்து எடை பார்க்க முடியாது. மனப்பாடத்தை அளந்துவிட்டு, “சிந்திக்கும் குடிமகன் உருவாகிவிட்டான்” என்று எழுதுவதும் அப்படித்தான்.

“பொதுத்தேர்வுதானே நியாயம்? திருத்துபவருக்கு நம் பெயர் தெரியாது, எஸ்டேட்டுப் பிள்ளை என்றும் தெரியாது” என்று சிலர் கேட்கலாம். நியாயமான பயம்தான். அதனால்தான் ஆசிரியர் அடைவுநிலை எண்ணை மட்டும் போட்டால் போதாது. ஏன் 3, எதைச் செய்தால் 4 என்று பிள்ளைக்கே விளக்கணும். காரணம் சொல்லாத மதிப்பீடு வெறும் அதிகாரம்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2011இல் வந்த பள்ளிசார் மதிப்பீட்டில் 6 பேண்டுகள் இருந்தன. முதல் மூன்று: தெரியும், புரியும், செய்ய முடியும். நான்காவதிலிருந்து ‘பண்புடன்’ என்ற சொல் சேர்ந்தது. பண்பு என்றால் என்ன? அடக்கமாக இருப்பது மட்டுமா? அப்படியென்றால் சைக்கிளை விட்டு இறங்காத தொழிலாளிக்கு துரை எந்த பேண்டு கொடுத்திருப்பார்? மரியாதையோடு மறுத்துப் பேசும் மாணவனுக்கும் பண்பு உண்டு. சான்று காட்டி “சார், எனக்கு அப்படித் தோணலை” என்பவனின் மார்க்கைக் குறைத்தால், கலைத்திட்டத்தின் நோக்கத்தையே குறைக்கிறோம்.

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கம் வார இறுதியில் டியூஷன் எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரலாற்றுப் பாடத்தில் பிள்ளை பதில் சொன்னதும், “சரி” என்று முடித்துவிடாதீர்கள். “உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். “பால் மரம் வெட்டிய எங்க பாட்டி சொன்னாங்க” என்று பதில் வந்தால், அதையும் சான்றாக எழுதச் சொல்லுங்கள். பாட்டி சொன்னது பாடநூலோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று தேட வையுங்கள். அந்தத் தேடலுக்கு மார்க் கொடுங்கள்.